ஓப்பன் டபிள்யூஆர்டி ரவுட்டரில் வைஃபை செட்டிங்: எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கணும்?

ஃபோனில் வைஃபை குறி முழுசாகக் காட்டும். ஆனால் ஆபீஸ் வீடியோ காலில் எதிரே இருப்பவரின் முகம் உறைந்து நிற்கும். ‘கேக்குதா, கேக்குதா?’ என்பதிலேயே மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடம் போய்விடும். அடுத்து என்ன? ப்ளானை 100 எம்பிபிஎஸ்-லிருந்து 300-க்கு மாற்றுவது, ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரைத் தேடுவது. இரண்டுக்கும் காசு போகும். பல வீடுகளில் முகம் மட்டும் உறைந்தபடியே இருக்கும்.

ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் ஃபைபரில் இல்லை. ரவுட்டருக்கும் ஃபோனுக்கும் நடுவில் இருக்கும் சில மீட்டர் காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்கவோ மாற்றவோ, ரவுட்டரோடு வரும் ஆப்பில் பெரும்பாலும் வழி இருக்காது. பெயர், பாஸ்வேர்டு, மிஞ்சிப்போனால் ஒரு ‘கெஸ்ட்’ பட்டன். அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ஓப்பன் டபிள்யூஆர்டி வருகிறது. லினக்ஸில் இயங்கும் இலவச ரவுட்டர் மென்பொருள் இது. ரவுட்டரோடு வந்த மென்பொருளை நீக்கிவிட்டு இதைப் போட்டால், உள்ளே இருக்கும் எல்லாத் திருகுகளும் கைக்கு வந்துவிடும். வந்ததும் பலரும் செய்வது, எல்லாவற்றையும் கடைசி வரை திருகிக் கூட்டுவது. பவர் அதிகம், அகலம் அதிகம், நெட்வொர்க் பெயர்களும் அதிகம். வைஃபை-யில் இது தலைகீழாக வேலை செய்யும். அங்கே கூட்ட வேண்டியவை கொஞ்சம், குறைக்க வேண்டியவை நிறைய.

‘டபிள்யூஆர்டி’ எங்கிருந்து வந்தது?

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் ‘டபிள்யூஆர்டி54ஜி’ என்ற நீல-கறுப்பு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமமான ஜிபிஎல்-படி, அதைப் பயன்படுத்தி ஒரு பொருளை விற்பவர் அதன் சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும். கேள்விகள் குவிந்தன. அதே ஆண்டு லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ கோடை வெளியிட வேண்டியதாயிற்று. அந்தக் கோடைக் கையில் வைத்துக்கொண்டு 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. ரவுட்டரின் மாடல் பெயரே மென்பொருளின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

2016-ல் ஒரு குழு பிரிந்துபோய் ‘லீட்’ என்று தனியாக நடத்தியது. 2018-ல் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். 2024 இறுதியில் ‘ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்’ என்ற ரவுட்டரையே சொந்தமாக வடிவமைத்து 89 டாலருக்கு வெளியிட்டார்கள். ஆனால் அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கடையில் கிடைக்கும் பல ரவுட்டர்களில் இது ஓடும். எந்தெந்த மாடல் என்ற பட்டியல் திட்டத்தின் தளத்திலேயே இருக்கிறது. பார்க்கும்போது மாடல் பெயரோடு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘வி1’, ‘வி2’ என்று போட்டிருக்கும் ஹார்ட்வேர் வெர்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு வெர்ஷன்களுக்குள் வேறு வேறு சிப் இருப்பது சர்வசாதாரணம். தப்பான ஃபைலை ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும்.

நெட் கனெக்‌ஷனோடு மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியில் இதைப் போட முடியுமா? பொதுவாக முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு அதன் வைஃபை-யை மட்டும் அணைத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து ஓப்பன் டபிள்யூஆர்டி ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகுவதுதான் நடைமுறை.

போட்டதும் வைஃபை-யே இல்லையே!

புதிதாகப் போடுபவர்களைப் பயமுறுத்துவது இதுதான். மென்பொருள் ஏறிவிட்டது, லைட் எரிகிறது, ஃபோனில் தேடினால் ரவுட்டரின் பெயரையே காணோம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் ஓப்பன் டபிள்யூஆர்டி முதல்முறை எழும்போது வைஃபை அணைந்துதான் இருக்கும். அப்போது ‘ரூட்’ என்ற அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அந்த நிலையில் வைஃபை-யும் திறந்து கிடந்தால், எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர் உங்களுக்கு முன்பே உள்ளே போய்விடலாம்.

ஆகவே முதல்முறை லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டுங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ‘லூசி’ என்ற செட்டிங் பக்கம் திறக்கும். முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டு வைப்பது.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பல ஃபைபர் பெட்டிகளும் இதே 192.168.1.1 முகவரியைத்தான் வைத்திருக்கும். இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குக் குழப்பம், நெட் வராது. ‘மென்பொருள் சரியில்லை’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நெட்வொர்க் மெனுவில் இன்டர்ஃபேசஸ் பக்கத்துக்குப் போய், லேன் முகவரியை 192.168.5.1 மாதிரி வேறொன்றாக மாற்றினால் தீர்ந்தது.

ரேடியோ வேறு, பெயர் வேறு

நெட்வொர்க் மெனுவில் ‘வயர்லெஸ்’ பக்கத்தைத் திறந்தால் ‘ரேடியோ0’, ‘ரேடியோ1’ என்று இரண்டு வரிசை தெரியும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வைஃபை பெயர் இருக்கும். ‘எடிட்’ கொடுத்தால் மேலே ‘டிவைஸ்’, கீழே ‘இன்டர்ஃபேஸ்’ என்று இரண்டு பகுதிகள்.

இந்தப் பிரிவு புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மேலே இருப்பது ரேடியோ, அதாவது இரும்பும் சிலிக்கானும். சேனல், அகலம், பவர், நாடு எல்லாம் அங்கே. கீழே இருப்பது அந்த ரேடியோவில் ஓடும் நெட்வொர்க். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு எல்லாம் இங்கே. ஒரே ரேடியோவில் ‘வீடு’, ‘கெஸ்ட்’, ‘கேமரா’ என்று மூன்று பெயர் வைக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே சேனலில், ஒரே காற்று நேரத்தைப் பங்கு போட்டுத்தான் ஓடும். பெயர் கூடினால் ரேடியோ கூடாது.

அதோடு, ஒவ்வொரு பெயரும் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று விநாடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒரே சேனலில் ஐந்து வீடுகள், வீட்டுக்கு மூன்று பெயர் என்றால் விநாடிக்கு 150 அறிவிப்புகள். யாரும் ஒரு பைட் கூட டவுன்லோடு செய்யாதபோதே இந்தக் கதை. அதுவும் இந்த அறிவிப்புகள் போவது இருப்பதிலேயே மெதுவான வேகத்தில். அதனால் ரேடியோவுக்கு இரண்டு, அதிகபட்சம் மூன்று பெயர் போதும்.

‘நாட்டை மாத்திப் போடு, சிக்னல் பறக்கும்’

டிவைஸ் பகுதியின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘கன்ட்ரி கோடு’ என்று ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால், எந்த நாட்டிலும் தப்பாகாத கட்டுப்பாடுகளோடு லினக்ஸ் ரேடியோவை ஓட்டும். பவர் குறையலாம், 5 கிகாஹெர்ட்ஸில் பல சேனல்கள் எழும்பாது. இந்தியாவில் இருப்பவர் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் தேவையில்லாததாக்கியது. அதனால் இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை.

சரி, வேறு நாட்டைப் போட்டால் பவர் கூடுமே? டெக் நண்பர்கள் வட்டாரத்தில் ரொம்ப நாளாகச் சுற்றும் டிப் இது. முதலில், பல ரவுட்டர்களில் சிப்புக்கே ஒரு உச்சவரம்பு எழுதிவைத்திருப்பார்கள். எந்த நாட்டைப் போட்டாலும் அதைத் தாண்டாது. தாண்டினால்தான் பிரச்சினை ஆரம்பம்.

2009-ல் புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் விளக்கமில்லாத குறுக்கீடுகள் வந்தன. விமானம் தரையிறங்கும்போது திடீரென்று காற்று திசைமாறுவதைக் கண்டுபிடிக்கும் ரேடார் அது. ஓடுவது 5.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அமெரிக்க அதிகாரிகள் தேடிப்போனபோது, குறுக்கிட்டது அதே அலைவரிசையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்த வெளிப்புற 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதிகளை இறுக்கியது. 2016 ஆகஸ்ட்டில் டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. குற்றச்சாட்டு: நாட்டு செட்டிங்கை மாற்றினால் அனுமதித்த அளவைவிட அதிக பவரில் ஓடும்படி அதன் சில ரவுட்டர்கள் இருந்தன. சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த உடன்பாட்டிலேயே ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு ரவுட்டரைத் திறந்துவைக்கும் வழியைப் பார்க்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதாவது, ஆணையத்தின் சண்டை பவரோடுதான். ஓப்பன் சோர்ஸோடு அல்ல.

முழுக் குறி, ஆனா நெட் இல்லை

சட்டத்தை விடுங்கள், பவரைக் கூட்டினால் பலன் இருக்கிறதா? வைஃபை என்பது ரேடியோ நிகழ்ச்சி மாதிரி ஒருவர் பேச மற்றவர் கேட்பது இல்லை. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோன் ‘வந்துவிட்டது’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ரவுட்டர் மறுபடியும் அனுப்பும், மறுபடியும்.

ஃபோனில் இருப்பது சின்ன பேட்டரி, சின்ன ஆன்டெனா. அது ரவுட்டரைப்போல் சத்தமாகப் பேச முடியாது. நீங்கள் மாடியிலிருந்து மெகாஃபோனில் கத்தினால் தெருமுனையில் நிற்பவருக்குக் கேட்கும். அவர் சாதாரணக் குரலில் சொல்லும் பதில் உங்களுக்குக் கேட்காது. ஃபோனில் குறி முழுசாகவும் வீடியோ உறைந்தும் இருப்பதன் காரணங்களில் முக்கியமானது இதுதான். அந்தக் குறி காட்டுவது ரவுட்டரின் குரலை மட்டும்.

லூசியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயர்லெஸ் பக்கத்தின் அடியில் ‘அசோசியேட்டட் ஸ்டேஷன்ஸ்’ பட்டியல் இருக்கும். இணைந்திருக்கும் ஒவ்வொரு ஃபோனுக்கும் நேராக சிக்னல் அளவும் இரண்டு வேகங்களும் இருக்கும். ‘டிஎக்ஸ்’ என்பது ரவுட்டர் அனுப்பும் வேகம், ‘ஆர்எக்ஸ்’ என்பது ஃபோனிடமிருந்து வாங்கும் வேகம். சிக்னல் மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 80 என்றால் ‘கேக்குதா?’ கேள்விதான். ஃபோனை எடுத்துக்கொண்டு வழக்கமாக மீட்டிங்கில் உட்காரும் அறைக்குப் போய், ஒரு வீடியோவை ஓடவிட்டு இந்த வரிசையைப் பாருங்கள். டிஎக்ஸ் நூற்றுக்கணக்கில் இருந்து, ஆர்எக்ஸ் மட்டும் ஒற்றை இலக்கத்தில் தவழ்ந்தால், பவரைக் கூட்டுவது அந்த நோய்க்கு மருந்தே இல்லை. ரவுட்டரை அந்த அறைக்குப் பக்கமாக நகர்த்துவதுதான் மருந்து. இரும்பு பீரோவின் மேலிருந்து இறக்கினாலே சில வீடுகளில் வித்தியாசம் தெரியும்.

டிபிஎம் கணக்கும் நம் மனக்கணக்கும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 23 என்றால் 200, 30 என்றால் 1,000. மூன்று எண் கூடினால் பவர் இரண்டு மடங்கு. ஆனால் இரண்டு மடங்கு பவருக்கு, சுவரே இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரம் 40 சதவீதம்தான் நீளும். வீட்டுக்குள் அதுவும் கிடைக்காது.

2.4 கிகாஹெர்ட்ஸில் பவரைக் குறைப்பது பல வீடுகளுக்கு நல்லது. 14 முதல் 17 டிபிஎம் வைத்துப் பாருங்கள். இரண்டு ரேடியோவுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், எதில் சேருவது என்று முடிவெடுப்பது ஃபோன்தான், ரவுட்டர் இல்லை. பல ஃபோன்கள் சத்தமாகக் கேட்பதைப் பிடித்துக்கொள்ளும். சுவரைத் தாண்டி நன்றாக வருவது 2.4 என்பதால் அதிலேயே ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் 5-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காது. 2.4-ன் குரலைத் தாழ்த்தினால் தானாக 5-க்கு நகரும்.

வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வைத்தியம். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக, சேனல் வேறாக, பவர் அடக்கமாக. இல்லாவிட்டால் படுக்கையறைக்கு வந்த பிறகும் ஃபோன் ஹால் ரவுட்டரையே கட்டிப்பிடித்திருக்கும்.

1, 6, 11: நடுவில் நுழையாதீங்க

2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், சிக்னலின் அகலமோ 20. ஒன்றோடொன்று உரசாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. லூசியின் ஸ்டேட்டஸ் மெனுவில் ‘சேனல் அனாலிசிஸ்’ பக்கத்தைத் திறந்தால், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் குடை குடையாக விரிந்து நிற்பதைப் பார்க்கலாம். 1-லும் 6-லும் கூட்டம். 3, 4 காலி மாதிரி தெரியும். ‘ஆஹா, இடம் இருக்கே!’ என்று அங்கே போய் உட்காரத் தோன்றும்.

உட்காரக் கூடாது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். ஒரே மைக்கைக் கை மாற்றிப் பேசுவது மாதிரி. நேரம் பிடிக்கும், ஆனால் பேச்சு புரியும். 4-ல் உட்கார்ந்தவர் 1-க்கும் 6-க்கும் பாதிப் பாதி கேட்பார், புரியாது. அது வெறும் இரைச்சல். இரண்டு பக்கத்துப் பேச்சும் கெடும், அவர் பேச்சும் கெடும். கூட்டம் இருந்தாலும் 1, 6, 11-ல் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதுதான் எல்லோருக்கும் லாபம்.

அகலத்திலும் இதே கதை. 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தால், இருக்கும் மூன்று இடத்தில் இரண்டை ஒருவரே எடுத்துக்கொள்வதாக அர்த்தம். அதனால் அக்கம்பக்கத்தில் வேறு நெட்வொர்க் தெரிந்தால் ஓப்பன் டபிள்யூஆர்டி தானாகவே 20-க்கு இறங்கிவிடும். ஆனால் பக்கத்திலேயே ‘ஃபோர்ஸ் 40 மெகாஹெர்ட்ஸ் மோட்’ என்று ஒரு டிக் பாக்ஸும் வைத்திருக்கிறார்கள். அதை டிக் செய்தால் அந்த மரியாதை ரத்து. ஃப்ளாட்டில் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ‘அலவ் லெகசி 802.11பி ரேட்ஸ்’ என்பதும் அப்படித்தான். இருபது வருஷம் பழைய கருவி ஏதும் இல்லாதவரை அணைந்தே கிடக்கட்டும்.

ஏன் என்றால், மைக்கைப் பிடித்து மெதுவாகப் பேசுபவர் எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடுவார். தூரத்து அறையில் இருக்கும் ஒரு பழைய டேப்லெட், ஹாலில் இருக்கும் புது லேப்டாப்பின் வேகத்தைக் கெடுப்பது இதனால்தான். காற்றில் எல்லோருக்கும் சமமான ‘நேரம்’ கிடைக்க வேண்டும், சமமான ‘துண்டு’ அல்ல என்று லினக்ஸ் வைஃபை-யைத் திருத்தி எழுதியது ‘மேக் வைஃபை ஃபாஸ்ட்’ என்ற முயற்சி. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறைந்தார். ஓப்பன் டபிள்யூஆர்டி ரவுட்டரில் ஒருவர் பெரிய ஃபைல் ஏற்றும்போதும் இன்னொருவரின் கால் தாக்குப்பிடித்தால், அதில் அவருடைய கைவண்ணமும் இருக்கிறது.

5-ல் ஒரு நிமிடம் பொறுமை

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 36 முதல் 48 வரையுள்ள நான்கு துண்டுகளைச் சேர்த்தால் 80 மெகாஹெர்ட்ஸ். 149 முதல் 161 வரை இன்னொரு 80. பெரும்பாலான வீடுகளுக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். 160 வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 ஃபோனுக்கு 40 மெகாஹெர்ட்ஸிலேயே உச்ச இணைப்பு வேகம் 574 எம்பிபிஎஸ், 80-ல் 1,201. கைக்கு வருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தாலும், 100 அல்லது 200 எம்பிபிஎஸ் ப்ளானுக்கு 40-ஏ தாராளம். அகலத்தை இரட்டிப்பாக்கும்போது உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகும். எட்டும் தூரம் குறையும். கடைசி அறையில் சிக்னல் தள்ளாடுகிறதா? 80-ஐ 40 ஆக்கிப் பாருங்கள்.

52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ரவுட்டர் முதலில் 60 விநாடி வாய்மூடிக் கேட்கும். ரேடார் இல்லை என்று உறுதியான பிறகுதான் வைஃபை எழும்பும். சான் ஹுவான் கதைக்குப் பிறகு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களோ அந்த ஒரு நிமிடத்தில் ‘போச்சுடா’ என்று பவரை அணைத்துப் போடுவார்கள், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நடுவில் ரேடார் கேட்டுவிட்டால் ரவுட்டர் 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கமே போகாது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மீட்டிங் நடுவே இது வந்தால் தலைவலிதான்.

பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும்

பாதுகாப்பில் மட்டும் தாராளமாகக் கூட்டலாம். இன்டர்ஃபேஸ் பகுதியில் ‘வயர்லெஸ் செக்யூரிட்டி’ திறந்து டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ2-ல், ஒரு ஃபோன் ரவுட்டரோடு இணையும் அந்த ஒரு நொடிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டால் போதும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். செல்ஃபோன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருந்தால் அது விழ ரொம்ப நேரம் ஆகாது. டபிள்யூபிஏ3-ல் இந்த வீட்டுப்பாடம் நடக்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும்.

பழைய பிரின்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவை டபிள்யூபிஏ3-ல் சேராது. இரண்டும் கலந்த ‘மிக்ஸ்டு’ மோடிலும் சில முரண்டு பிடிக்கும். அதற்காக வீடு முழுக்கப் பாதுகாப்பை இறக்க வேண்டாம். 2.4-ல் மட்டும் அவற்றுக்கென்று தனியாக ஒரு பெயர், டபிள்யூபிஏ2, 20 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு. முடிந்தது. ‘டிகேஐபி’ என்று இருக்கும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்-க்கு இறங்கும்.

பெயரை மறைத்துவைப்பதால் பாதுகாப்பு கூடாது. உண்மையில், ரவுட்டர் பெயரைச் சொல்லாவிட்டால் ஃபோன் போகும் இடமெல்லாம் ‘அது இருக்கா, அது இருக்கா’ என்று கேட்டுக்கொண்டு திரியும். மேக் முகவரியை வைத்து வடிகட்டுவதும் வீண் வேலை. இப்போதைய ஃபோன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு போலி முகவரி வைத்துக்கொள்கின்றன. பட்டனை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் ஓப்பன் டபிள்யூஆர்டி-யில் சும்மா வராது. அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை 11,000 முயற்சிகளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. இல்லாமல் இருப்பதே நல்லது.

கெஸ்ட் என்று பெயர் வைத்தால் கெஸ்ட் ஆகிவிடாது

‘கெஸ்ட்’ என்று புதுப் பெயர், புது பாஸ்வேர்டு எல்லாம் போட்டுவிட்டு, கீழே ‘நெட்வொர்க்’ என்ற இடத்தில் ‘லேன்’ என்பதையே டிக் செய்து விடுகிறார்கள். வாசல்தான் வேறு, வீடு அதே வீடு. வந்த விருந்தாளியின் ஃபோனில் ஏதாவது வைரஸ் இருந்தால், ஹாலில் இருக்கும் சிசிடிவி ரெக்கார்டர் வரை அதற்கு நேர்வழி.

சரியான வழி கொஞ்சம் நீளம். முதலில் இன்டர்ஃபேசஸ் பக்கத்தில் கெஸ்ட் என்று தனி நெட்வொர்க், 192.168.7.1 மாதிரி தனி முகவரி, அதற்குத் தனி டிஎச்சிபி. பிறகு ஃபயர்வால் பக்கத்தில் அதற்கென்று ஒரு ஜோன். ‘இன்புட்’ என்பதை ரிஜெக்ட் ஆக்கி, வெளியே போகும் வழியாக வான் மட்டும். இதோடு நிறுத்தினால் கெஸ்ட் ஃபோனுக்கு முகவரியே கிடைக்காது. ரவுட்டரிடம் கேட்கும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டோமே. எனவே டிஎன்எஸ்-க்கு 53, டிஎச்சிபி-க்கு 67 என்று இரண்டு போர்ட்டுகளை மட்டும் திறந்துவிட வேண்டும். கடைசியாக வைஃபை பக்கத்தில் ‘ஐசொலேட் க்ளையன்ட்ஸ்’ டிக். முடித்ததும் ஒரு ஃபோனைக் கெஸ்ட்டில் சேர்த்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். லூசி பக்கம் திறந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கிளையிலிருந்து கிளையை வெட்டும்போது

வைஃபை-யில் இருந்துகொண்டே வைஃபை செட்டிங்கை மாற்றினால், ‘சேவ் அண்ட் அப்ளை’ அழுத்திய மறுநொடி இணைப்பு அறுந்துபோகலாம். லூசி இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறது. மாற்றிய பிறகு 90 விநாடிக்குள் உங்கள் பிரவுசரால் ரவுட்டரை மீண்டும் தொட முடியாவிட்டால், பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும். எனவே பதறாமல் காத்திருங்கள். ஆனால் பாஸ்வேர்டை மாற்றும்போதும் ரேடார் சேனலுக்குப் போகும்போதும் இதே காப்பு எதிரியாகும். நீங்கள் புது பாஸ்வேர்டை அடித்து உள்ளே வருவதற்குள் அது பழையதற்குத் திரும்பியிருக்கும். அந்த மாதிரி வேலைகளைக் கேபிளில் செய்வதே உத்தமம்.

எதுவும் வேலைக்காகாவிட்டால் ‘ஃபெயில்சேஃப்’ இருக்கிறது. ரவுட்டர் எழும்போது லைட் வேகமாக மினுக்கும் நேரத்தில் பட்டனை அழுத்தினால், உங்கள் செட்டிங்குகளைத் தொடாமல் வெறும் அடிப்படை சிஸ்டத்தோடு 192.168.1.1-ல் வந்து நிற்கும். அங்கிருந்து பிழையைத் திருத்தலாம், இல்லை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

முதலிலிருந்து தொடங்கும் வலி வேண்டாம் என்றால், எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் சிஸ்டம் மெனுவில் பேக்கப் எடுத்து வையுங்கள். சில கேபி-யில் சின்ன ஃபைல். மொத்த வைஃபை செட்டிங்கும் அதற்குள் ‘வயர்லெஸ்’ என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். நாடு, சேனல், அகலம், பவர் எல்லாம் வரி வரியாக, படித்தாலே புரியும்படி. பாஸ்வேர்டும் அதே மாதிரி வெளிப்படையாகவே இருக்கும். ‘நெட் வரலை, யாராவது பாருங்களேன்’ என்று அந்த ஃபைலை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போடும் முன், அந்த ஒரு வரியை அழித்துவிடுங்கள்.